சீரியம் ஒட்சைட்டு: கோலாகவும் சதுரமுகியாகவும்

சீரியம் நைத்திரேற்றுக் கரைசலில் அமோனியாவை ஊற்றினால் முதலில் விழுவது வெள்ளை வீழ்படிவு. கலக்கிக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் அது சாம்பல் கலந்த ஊதாவாக மாறும். காற்றுப் படும்படி இரவு முழுக்க விட்டால் விடியும்போது இளமஞ்சள். இந்த மாற்றத்தை முதலில் பார்த்த ஒரு மாணவி, "சேர், பழுதாப் போச்சா?" என்று பதறிக் கேட்டாள். "இல்லம்மா, காத்துல இருந்து ஒட்சிசன் எடுக்குது. விட்டுப் பாருங்க" என்றேன். வெள்ளை என்பது +3 ஒட்சியேற்ற எண்ணில் இருக்கும் சீரியத்தின் ஐதரொட்சைட்டு. மஞ்சள் என்பது +4 நிலைக்குப் போய்விட்ட சீரியத்தின் நீரேறிய ஒட்சைட்டு. ஊதா, இரண்டு நிலையும் ஒரே திண்மத்தில் கலந்து கிடக்கும் கட்டம். ஒரு சீரியத்திலிருந்து பக்கத்துச் சீரியத்துக்கு இலத்திரன் தாவ முடிவதால்தான் அந்தக் கருத்த நிறம். சீரியம் ஒட்சைட்டை, சுருக்கமாகச் சீரியாவை, வைத்து நடக்கும் ஊக்கி வேலைகள் அனேகமாக எல்லாமே இந்த +3, +4 போக்குவரத்தை நம்பித்தான் நடக்கின்றன.

ஹட்டனில் ஒரு பாடசாலை ஆய்வுகூடத்தில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளோடு செய்த செயற்றிட்டம் இது. உயர் அழுத்தக் கலன் தேவைப்பட்ட பகுதியை மட்டும் கண்டியில் ஓர் ஆய்வுகூடத்தில் செய்தோம். நாங்கள் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்: அதே உப்பு, அதே காரம், ஆனால் காரத்தின் செறிவையும் வெப்பநிலையையும் மாற்றி, மணியாகவும் கோலாகவும் சதுரமுகியாகவும் நனோத் துகள் எடுக்க முடியுமா? எடுத்தால், மூன்றும் ஒரே மாதிரி நடந்துகொள்ளுமா? நனோ என்றதும் "மிகச் சிறியது" என்று சொல்லிவிட்டு நம் பாடங்கள் நகர்ந்துவிடுகின்றன. சீரியாவைப் பொறுத்தவரை, துகளின் எந்த முகம் வெளியே நிற்கிறது என்பதும் அளவுக்குச் சமமான விஷயம். பிள்ளைகள் இதை வாசித்துத் தெரிந்துகொள்வதைவிடக் கண்ணால் காணவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

சீரியம் நமக்கு அந்நியமான பொருளும் அல்ல. 1803இல் சுவீடனில் பேர்சிலியசும் ஹிசிங்கரும், அதே ஆண்டில் ஜேர்மனியில் கிளாப்ரோத்தும் தனித்தனியே கண்டுபிடித்த மூலகம் இது. அருமண் மூலகங்களிலேயே புவியோட்டில் அதிகம் கிடைப்பது. கிட்டத்தட்டச் செம்பின் அளவுக்கு இருக்கிறது. தோட்டத்துத் திருவிழாவுக்கும் காமன் கூத்துக்கும் பெட்ரோமாக்ஸ் ஏற்றிய காலத்தை நினைவில் வைத்திருப்பவர்கள், விரல் பட்டாலே உதிரும் அந்த மென்டிலின் வெள்ளை வலையை மறந்திருக்கமாட்டார்கள். பழைய மென்டில்களில் அது சுமார் 99 வீதம் தோரியம் ஒட்சைட்டு, 1 வீதம் சீரியம் ஒட்சைட்டு. ஒஸ்திரியரான அவுவர் ஃபொன் வெல்ஸ்பாக் கண்ட கலவை அது. அந்த 1 வீதம் இல்லாவிட்டால் வெளிச்சமே மங்கிப்போகும். தோரியம் ஒட்சைட்டின் இயற்கைக் கனிமமான தோரியனைட்டு 1904இல் வெளியுலகுக்குத் தெரியவந்ததும் நம் நாட்டிலிருந்துதான், பலாங்கொடைப் பக்கத்திலிருந்து. அப்போது இலங்கைக் கனிப்பொருள் அளவைக்குப் பொறுப்பாக இருந்தவர் ஆனந்த குமாரசுவாமி. தோரியனைட்டுக்கும் சீரியாவுக்கும் பளிங்கமைப்பு ஒன்றே: ஃபுளோரைட்டு அமைப்பு. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். பழைய மென்டிலையோ கடற்கரை மோனசைட்டு மணலையோ அரைத்துச் சீரியம் எடுக்கப் பார்க்காதீர்கள். இரண்டிலும் கதிர்த்தொழிற்பாடுள்ள தோரியம் இருக்கிறது. தூசு நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது. கடையில் கிடைக்கும் தூய சீரியம் நைத்திரேற்று அறுநீரேற்றையே வாங்கிக்கொள்ளுங்கள்.

மலைநாட்டில் இந்த உப்பை நிறுப்பதே ஒரு வேலை. போத்தலைத் திறந்து வைத்தால் மூடுபனிக் காலத்தில் பளிங்குகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஈரமாகி ஒட்டிக்கொள்ளும். தராசு காட்டும் நிறையில் எவ்வளவு சீரியம், எவ்வளவு தண்ணீர் என்று சொல்ல முடியாது. அதனால் நிறையை நம்புவதை விட்டுவிட்டுக் கரைசலை அளந்தோம். இலீற்றருக்கு ஏறக்குறைய 0.1 மூல் செறிவில் ஒரு பெரிய போத்தல் கரைசல் தயாரித்து, அதில் 10 மில்லிலீற்றரைக் குழாயியால் எடுத்து, அமோனியாவால் முழுவதும் வீழ்படியச் செய்து, வடிதாளோடு புடக்குகையில் வைத்து நன்றாக எரித்து, மிஞ்சிய ஒட்சைட்டை நிறுத்தோம். செறிவு சரியாக 0.1 ஆக இருந்தால் 0.172 கிராம் வரவேண்டும். குறைந்தால் அந்த விகிதத்தில் செறிவும் குறைவு. பழைய காலத்து நிறையறி பகுப்பு முறைதான். ஆனால் அதற்குப் பிறகு வந்த எல்லாக் கணக்கும் இதன்மேல்தான் நிற்கிறது. ஈரமான ஊரில் இந்த ஒரு படியைத் தவிர்க்கவே கூடாது என்பது என் எண்ணம்.

ஆட்டோகிளேவுக்கு, அதாவது அந்த உயர் அழுத்தக் கலனுக்கு, போகுமுன் அமோனியா முறையில் கை பழகினோம். அறை வெப்பநிலையில் கரைசலைக் கலக்கிக்கொண்டே அமோனியாவை ஊற்றி, பிஎச் 10 அளவில் நிறுத்தினோம். காற்று ஊத ஒரு மீன்தொட்டிப் பம்பு போதும். மஞ்சளானதும் கழுவ வேண்டும். எங்களிடம் மையநீக்கி இல்லை. அடைய விட்டு, மேல்நீரை இறுத்து, புதுத் தண்ணீர் விட்டுக் கழுவினோம். முதல் கழுவல்களில் வீழ்படிவு ஒழுங்காக அடையும். உப்புக் குறையக் குறைய அடைய மறுத்து, மேல்நீர் பால்போல் நின்றுவிடும். ஆய்வுகூட உதவியாளர் அண்ணன் ஒரு லேசர் விளக்கை அதற்குள் அடித்துக் காட்டினார். கதிர் போகும் பாதை கோடாய்த் தெரிந்தது. துகள்கள் கரைசலுக்குள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. சீரியாவின் மேற்பரப்பு மின்னேற்றம் ஏறக்குறைய நடுநிலைப் பிஎச்சில், 7க்கும் 8க்கும் அருகில், இல்லாமல் போகும். கார நீரில் துகள் மறை ஏற்றத்தோடு நிற்கிறது. அதனால் மிக ஐதான நைத்திரிக்கமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு 7.5க்குக் கொண்டுவந்தால் எல்லாம் திரண்டு கீழே இறங்கிவிடும். கடைசியாக எதனோலால் ஒருமுறை கழுவி, 80 பாகை செல்சியசில் உலர்த்தினால் மஞ்சள் தூள்.

சரி, இனி வடிவத்துக்கு வருவோம். கோலுக்கும் சதுரமுகிக்கும் ஒரே கரைசல்தான்: 1.736 கிராம் சீரியம் நைத்திரேற்றுக்கு ஈடான கரைசல், அதாவது 0.004 மூல் சீரியம், 19.2 கிராம் சோடியம் ஐதரொட்சைட்டு. மொத்தக் கனவளவு 80 மில்லிலீற்றர். காரத்தின் செறிவு இலீற்றருக்கு 6 மூல். இதை 100 மில்லிலீற்றர் கொள்ளளவுள்ள, டெஃப்ளான் உள்ளுறை போட்ட உருக்குக் கலனில் ஊற்றி இறுக்கினோம். குறைந்தது ஐந்தில் ஒரு பங்காவது வெற்றிடம் விடவேண்டும். நீர் சூட்டில் விரிந்து முட்டினால் கலன் தாங்காது. காரத்தைக் கரைக்கும்போதே நீர் கொதிக்கிற அளவுக்குச் சூடேறும், எனவே பனிநீர்த் தொட்டியில் வைத்து, கண்ணாடி அணிந்து, பொலிப்புரோப்பிலீன் முகவையில் கரைக்கவேண்டும். கண்ணாடி முகவை வேண்டாம். சூடான கடுங்காரம் கண்ணாடியை அரித்துச் சிலிக்காவை உள்ளே கொண்டுவரும். காரம் பழசாகிக் காற்றிலிருந்து காபனீரொட்சைட்டை எடுத்திருந்தால் சீரியம் காபனேற்றும் கலந்து விழும். அதனால் புதிதாகத் திறந்த போத்தலையே எடுத்தோம்.

ஒரு கலனை 100 பாகையிலும் மற்றதை 180 பாகையிலும் போறணையில் 24 மணித்தியாலம் விட்டோம். மூன்றாவது கலனில் காரத்தை 0.1 மூல் அளவுக்குக் குறைத்து, 180 பாகையில் வைத்தோம், அது மணிகளுக்கு. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1270 மீற்றர் உயரத்தில் இருப்பதால், திறந்த முகவையில் தூய தண்ணீர் 96 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும். நுவரெலியாவில் இன்னும் குறைவு, 94. ஆகவே "100 பாகையில் சூடாக்கு" என்று எழுதியிருக்கும் செய்முறையை இங்கே திறந்த பாத்திரத்தில் அப்படியே செய்யப்போனால் நீர் ஆவியாகிச் செறிவு ஏறிக்கொண்டே போகும். மூடிய கலனில் அந்தப் பிரச்சினை இல்லை. எந்தக் காரணம் கொண்டும் வீட்டுப் பிரஷர் குக்கரில் இதைச் செய்யாதீர்கள். கடுங்காரம் அலுமினியத்தைத் தின்று ஐதரசன் வாயுவைக் கிளப்பும்.

கலன்களைத் திறந்தபோது பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். 180 பாகையில் இருந்த 6 மூல் கலனில் தூள் ஏற்கனவே வெளிர்மஞ்சளாகக் கிடந்தது. 100 பாகைக் கலனில் இருந்தது ஊதா சாயல் கொண்ட வெளிறிய கூழ். கழுவி உலர்த்தும்போதுதான் அது மஞ்சளானது, அதுவும் சதுரமுகியைவிட அழுத்தமான மஞ்சள். எந்தக் கருவியும் இல்லாமலே கதை இந்த நிறங்களில் தெரிகிறது. 100 பாகையில் கலனுக்குள் வளர்ந்தது +3 சீரியத்தின் ஐதரொட்சைட்டு. அதன் பளிங்கு அறுகோண அமைப்பு. ஓர் அச்சின் திசையில் நீள்வதே அதற்கு இயல்பு. கடுங்காரம் சிறு துகள்களைக் கரைத்துப் பெரியவற்றின்மேல் திரும்பப் படியவைக்க, அது கோலாகிறது. அப்புறம் காற்றில் ஒட்சியேறிச் சீரியாவாகும்போது உருவம் அப்படியே நிற்கிறது. 180 பாகையிலோ ஒட்சியேற்றம் கலனுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அங்கே ஒட்சியேற்றியாக இருப்பது நைத்திரேற்று அயன். கோல்கள் கரைந்து, கனசதுரச் சமச்சீருள்ள சீரியாவாகப் புதிதாகப் பளிங்காகும்போது சதுரமுகி வருகிறது. நைத்திரேற்றுக்குப் பதிலாகக் குளோரைட்டு உப்பை எடுத்தால் அதே சூட்டிலும் கோலாகவே நிற்க விரும்பும். அதற்குக் கொஞ்சம் நைத்திரேற்றுச் சேர்த்தால் சதுரமுகி தலைகாட்டும். எங்கள் பிள்ளைகள் பாடத்தில் "பார்வையாள் அயன்" என்று ஒதுக்கிவிடும் நைத்திரேற்று இங்கே வடிவத்தையே தீர்மானிக்கிறது.

எக்ஸ்-கதிர்ச் சிதறலுக்கு மாதிரிகளைக் கொடுத்தோம். மூன்று தூளிலும் அதே உச்சிகள்: செம்புக் கதிருக்கு 28.5, 33.1, 47.5, 56.3 பாகைக் கோணங்களில். ஃபுளோரைட்டு அமைப்பு, அலகுக் கலத்தின் பக்கம் 0.541 நனோமீற்றர். உச்சி எவ்வளவு அகலமோ துகள் அவ்வளவு சிறியது. ஷெரர் சமன்பாடு அதைக் கணக்காக்கித் தருகிறது. 28.5 பாகை உச்சியின் அரை உயர அகலம் 0.82 பாகை என்றால் துகள் சுமார் 10 நனோமீற்றர். அகலம் 0.28க்குக் குறுகினால் 30 நனோமீற்றர் அளவுக்கு வரும். மணிகள் முதல் வகையிலும் சதுரமுகிகள் இரண்டாவது வகையிலும் வந்தன. கோலுக்கு இந்த எண் அதன் தடிப்பைத்தான் ஏறக்குறையச் சொல்லும், நீளத்தை அல்ல. கோல் கோல்தான் என்று அறுதியாகச் சொல்ல இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படம் வேண்டும். கொழும்புப் பக்கமிருந்து அந்தப் படங்கள் வந்த நாளில் ஆய்வுகூடமே கூடி நின்று பார்த்தது.

வடிவம் ஏன் முக்கியம் என்றால், மூன்றிலும் வெளியே நிற்கும் முகம் வேறு. பளிங்கின் முகங்களை அடைப்புக்குறிக்குள் மூன்று எண்களால் பெயரிடுவார்கள். மணிகளில் பெரும்பாலும் (111) முகம். அணுக்கள் நெருக்கமாக அடுக்கப்பட்ட, அசைக்க முடியாத முகம். சதுரமுகியில் (100). கோலில் (110), (100) முகங்கள் வெளியே வரும். சீரியாவிலிருந்து ஓர் ஒட்சிசன் அணு கழன்று போனால் அங்கே ஒரு வெற்றிடம் விழுகிறது. அது விட்டுச்சென்ற இரண்டு இலத்திரன்களை இரண்டு +4 சீரியம் வாங்கி +3 ஆகின்றன. பிறகு ஒட்சிசன் கிடைத்தால் திரும்ப நிரம்பிக்கொள்கிறது. ஒட்சிசன் மிஞ்சும்போது வாங்கி வைத்து, பற்றாதபோது கொடுக்கும் சேமக்களஞ்சியமாகக் கார்களின் புகைப்போக்கி ஊக்கியில் சீரியா இருப்பது இதனால்தான். இந்த வெற்றிடம் (110) முகத்தில் இலகுவாக உண்டாகும், (100)இல் அடுத்தபடி, (111)இல் கடினம். அப்படியானால் கோல்தான் சுறுசுறுப்பாக இருக்கவேண்டும்.

பார்மசியில் வாங்கிய ஐதரசன் பரவொட்சைட்டைக் கொண்டு இதைச் சோதித்தோம். சீரியாத் தூள் நீரில் கலந்து மிதக்கும் தொங்கலில் அதை விட்டால் மஞ்சள் சட்டென்று செம்மஞ்சளாகும். மேற்பரப்புச் சீரியத்தோடு பரவொட்சைட்டு பிணைவதால் வரும் நிறம். கூடவே குமிழி குமிழியாக ஒட்சிசன் வரும். பரவொட்சைட்டு முடிந்த பின் நிறம் மெல்ல மெல்லத் திரும்பும். ஆனால் மூன்று தூளையும் ஒரே நிறையில் எடுத்து ஒப்பிடுவது நியாயமில்லை. சீரியாவின் அடர்த்தி கன சதமமீற்றருக்கு சுமார் 7.2 கிராம். 10 நனோமீற்றர் மணி என்றால் கிராமுக்கு ஏறக்குறைய 83 சதுர மீற்றர் மேற்பரப்பு வரும். அதே தடிப்புள்ள நீண்ட கோலுக்கு 56. பக்கம் 30 நனோமீற்றரான சதுரமுகிக்கு 28 மட்டுமே. சம நிறையில் மணி வென்றால் அது பரப்பின் வெற்றி, முகத்தின் வெற்றி அல்ல. அதனால் மணி 50 மில்லிகிராம், கோல் 75, சதுரமுகி 150 என்று சம பரப்புக்கு எடுத்து, அளவியைத் தலைகீழாகக் கவிழ்த்து வாயுவைச் சேகரித்தோம். கோல் முந்தியது. நிறமும் கோலில்தான் அதிகம் ஆழ்ந்தது. இந்தப் பரப்புக் கணக்கைப் பிள்ளைகளே போட்டார்கள். அந்தத் தாளைத்தான் நான் முழுச் செயற்றிட்டத்திலும் பெறுமதியானதாக நினைக்கிறேன்.

ஒளி உறிஞ்சலில் இவ்வளவு வித்தியாசம் தெரியவில்லை. சீரியாவின் சக்தி இடைவெளி சுமார் 3.2 இலத்திரன் வோல்ட்டு. 390 நனோமீற்றருக்குக் கீழே உள்ள புறவூதாவை உறிஞ்சும். நோட்டுச் சோதிக்கும் புறவூதா விளக்குக்கும் வெள்ளைத் தாளுக்கும் இடையே தொங்கலை வைத்தால் தாளின் நீல ஒளிர்வு மங்குகிறது. மூன்றிலும் அப்படித்தான்.

தேயிலை நாட்டில் இருந்துகொண்டு தேயிலைச் சாற்றில் செய்து பார்க்காமல் விட முடியுமா? பச்சைக் கொழுந்தைக் காய்ச்சிய சாற்றைச் சீரியம் நைத்திரேற்றோடு கலந்தால், அதன் பொலிபீனோல்கள் சீரிய அயனைப் பற்றிக்கொள்கின்றன. வற்றவைத்து, சிறு சிறு அளவாக எடுத்து, புகைக்கூண்டுக்குள் வைத்து 500 பாகையில் எரித்தால் மெத்தென்ற, நுண்துளை நிறைந்த தூள் கிடைக்கும். நைத்திரேற்றும் கரிமப் பொருளும் சேர்ந்து எரிவதால் பெரிய அளவில் ஒருபோதும் செய்யக்கூடாது. தூள் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தேயிலைச் செடி மண்ணிலிருந்து மங்கனீசையும் அலுமினியத்தையும் வாரி எடுத்துச் சேர்த்துவைக்கும் செடி. கறுப்புத் தேயிலையின் நிறையில் 4 முதல் 8 வீதம் சாம்பல், அதில் பெரும்பங்கு பொற்றாசியம். இவையெல்லாம் தூளோடு வந்துவிடும். மங்கனீசு தானே ஒரு நல்ல ஊக்கி. தேயிலைத் தூள் வேகமாகக் குமிழி விட்டால் அது சீரியாவின் வேலையா, மங்கனீசின் வேலையா? "பசுமை முறை" என்று கொண்டாடுமுன் சாற்றை மட்டும் தனியே எரித்த சாம்பலை வைத்து ஒரு ஒப்பீட்டுச் சோதனை கட்டாயம் செய்யவேண்டும். அதைச் செய்யாத முடிவை நான் ஏற்கமாட்டேன்.

கடைசியாகப் புகைக்கரி. மண்ணெண்ணெய்க் குப்பி லாம்பின் மேல் பீங்கான் மூடியைப் பிடித்துச் சுரண்டிய கரியை ஒரு புடக்குகையில் தனியாகவும், இன்னொன்றில் சீரியாவோடு உரலில் நன்றாக அரைத்தும், மூன்றாவதில் கரண்டியால் மேலோட்டமாகக் கலந்தும் எடுத்தோம். மூன்றையும் ஒன்றாக 450 பாகை உலையில் ஒரு மணித்தியாலம் வைத்தோம். தனிக்கரி எரிய 600 பாகைக்குக் கிட்ட வேண்டும். அது கறுப்பாகவே இருந்தது. அரைத்தது சுத்தமான இளமஞ்சளாக வந்தது. மேலோட்டமாகக் கலந்ததில் பெரும்பகுதி கறுப்பு. கரியும் சீரியாவும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால்தான் சீரியாவின் ஒட்சிசன் கரிக்குப் போய்ச் சேருகிறது. ஹட்டன் ஏற்றத்தில் டீசல் பஸ் விடும் கரும்புகையும் இதே கரிதான். 2000இல் பியூஜோ 607 காரில் புகைக்கரி வடி வந்தபோது, சீரியச் சேர்மத்தை வடியின்மேல் பூசாமல் டீசலோடு கலந்து அனுப்பினார்கள். எரியறையில் கரித்துகள் பிறக்கும்போதே சீரியா அதற்குள் அமர்ந்துவிடும், அரைக்கத் தேவையில்லை. அடுத்து இதே சோதனையைக் கோலையும் சதுரமுகியையும் சம பரப்பில் எடுத்துச் செய்யப்போகிறோம். 450 பாகைச் சூட்டில் கோல் தன் வடிவத்தை எவ்வளவு நேரம் காப்பாற்றும் என்பதையும் எக்ஸ்-கதிர் உச்சியின் அகலத்தை வைத்துக் கூடவே பார்க்கவேண்டும். உலையிலிருந்து எடுக்கும் உலர்ந்த தூளைக் கையாளும்போது முகமூடி கட்டாயம். ஈரமாக இருக்கும்வரைதான் நனோத்தூள் பறக்காமல் கிடக்கும்.